கணக்கில் வராத நாள்

பங்குப் பட்டியலில் மணிகண்டனின் பெயர் நீடிக்குமா, நீங்குமா என்பதைத் தை முதல் நாள் கூட்டத்தில் முடிவு செய்வதாக நடுத்திட்டுக்குப்பத்து ஊர்க்கூட்டம் அறிவித்திருந்தது. அதுவரை ஆறு மாதம் அவனுக்குத் தவணை.

ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிக் கழி ஊன்றி வலை கட்டும் இடத்துக்கு அவ்வூரில் ‘பாடு’ என்று பெயர். நீர் வற்றும்போது இறால் அந்த வழியாகத்தான் வெளியேறும். அந்த இடத்தில் ஒரு நாளைக்கு ஒரு குழுதான் வலை கட்டலாம். ஆகையால் பங்குக்காரர் இருபத்து நால்வருக்கும் வரிசையாக ஒவ்வொரு நாள். இன்று கட்டியவனுக்கு மறுமுறை இருபத்து நான்கு நாள் கழித்துத்தான் வரும். மற்ற நாள்களில் ஏரியின் வேறு பகுதிகளில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெயர் இருந்தால் பாடு உண்டு. பெயர் இல்லாதவன் அவ்வூரில் குடியிருப்பவன் மட்டுமே.

மணிகண்டனுக்கு நாற்பத்து மூன்று வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் படகைக் கரையேற்றும்போது வலது தோள் மூட்டு விலகியது, சரியாகக் கூடவில்லை. கழியை ஊன்றவோ வலையை இழுக்கவோ அவனால் இனி ஆகாது. பதினோரு ஆண்டுகள் வடிவேலு என்பவரின் படகில் அவன் தொழில் செய்திருந்தான். அந்த நன்றிக்காக, மணிகண்டனின் முறை வரும் நாளில் வடிவேலுவின் ஆட்களே வலை கட்டி, கிடைத்ததில் பாதியை அவன் வீட்டில் கொடுத்துவந்தார்கள். ஆனால், ஊரின் விதி வேறு. தன் கையால் வலை கட்டாதவன் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பட்டியலில் இருக்கக்கூடாது. இருக்க வேண்டுமானால், ஊர் பொதுவுக்கு வேறு ஏதேனும் ஒரு வேலையைத் தவறாமல் செய்ய வேண்டும்.

“இன்னா வேலை செய்வ?” என்று ஊர்த் தலைவர் தருமலிங்கம் ஆடி மாதக் கூட்டத்தில் கேட்டார். “கோயிலு பெருக்கறதுக்கு ஆள் கீது. ஐஸ் எடுத்தாரதுக்கு ஆள் கீது.”

“முறை யாருதுன்னு போன்ல காட்டற மாதிரி ஒண்ணு செஞ்சித் தரேன் தலைவரே. கோயிலு செவுத்துல சாக்பீஸ்ல எழுதறத மழை அடிச்சினு போயிடுது. அப்புறம் நீயா நானானு சண்டை. போன்ல இருந்தா எல்லாரும் பாத்துக்கலாம்.”

“உனுக்கு அதெல்லாம் செய்யத் தெரியுமா?”

“தெரியாது. கத்துக்கறேன்.”

கூட்டத்தில் சிரித்தார்கள். தருமலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. தை முதல் நாள் வரை தவணை கொடுத்தார்.

பொன்னேரியில் ஒரு வாடகைக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் செயலி செய்யக் கற்பிக்கும் வகுப்பு ஒன்று நடந்தது. அனுப்பம்பட்டிலிருந்து வரும் ஷாலினி என்ற இருபத்து மூன்று வயதுப் பெண் அதை நடத்தினாள். பன்னிரண்டு மாணவர்களில் பதினொருவர் கல்லூரி செல்பவர்கள். பன்னிரண்டாமவனான மணிகண்டன் முதல் நாள் மடிக்கணினியின் விசைகளில் ஒவ்வோர் எழுத்தையும் தேடித் தேடி அழுத்தியபோது, அருகிலிருந்தவர்கள் தத்தம் திரைகளை உற்றுப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

“மேடம்னு கூப்பிடாதீங்கண்ணா,” என்றாள் ஷாலினி.

“பேரு சொல்லியா கூப்பிடறது? டீச்சரம்மானு கூப்பிடறேன்.”

அங்கே நிரலை எழுத்தெழுத்தாக எழுத வேண்டியதில்லை. கட்டளைகள் வண்ணக் கட்டைகளாகத் திரையின் ஓரத்தில் இருக்கும். தேவையானதை இழுத்துவந்து ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். பொருந்தாத கட்டை ஒட்டாது. மணிகண்டனுக்கு இது பிடித்திருந்தது. முதல் வாரம், பொத்தானை அழுத்தினால் ‘வணக்கம்’ என்று தோன்றும் செயலியைச் செய்தான். அதைப் பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தான். இரண்டாம் வாரம், இருபத்து நான்கு பெயர்களையும் ஒரு பட்டியலாக உள்ளே ஏற்றினான். நான்காம் வாரம், நாள் எண்ணைக் கொண்டு பெயரைக் கண்டுபிடிக்கும் வழியை ஷாலினி சொல்லிக்கொடுத்தாள். தொடங்கிய தேதியிலிருந்து இன்று எத்தனையாவது நாள் என்று பார். அதை இருபத்து நான்கால் வகு. மீதி எவ்வளவோ, பட்டியலில் அத்தனையாவது ஆளுக்கு இன்று முறை.

வீட்டில் தொலைபேசியின் தேதியை ஒவ்வொரு நாளாக முன்னே தள்ளி அதைச் சோதித்தான். இருபத்து மூன்று நாள்களும் பெயர்கள் ஒழுங்காக வந்தன. இருபத்து நான்காம் நாள் திரையில் பெயரே இல்லை. ஆங்கிலத்தில் ஏதோ ஒரு பிழைச் செய்தி மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. அந்த இருபத்து நான்காவது பெயர் அவனுடையது.

தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி ஜமுனா சிரித்தே விட்டாள். “யோவ், ஊரு எடுக்கறதுக்கு முன்னாடி உன் பேர நீயே எடுத்துட்டியா?”

மறு சனிக்கிழமை ஷாலினி அதைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்தாள். இருபத்து நான்கை இருபத்து நான்கால் வகுத்தால் மீதி பூஜ்யம். பட்டியலிலோ பூஜ்யமாவது ஆள் என்று ஒருவரும் இல்லை. நாள் எண்ணில் ஒன்றைக் கழித்துவிட்டு வகுத்து, வரும் மீதியோடு ஒன்றைக் கூட்டச் சொன்னாள். அவ்வாறே செய்தான். அவனுடைய பெயர் திரும்ப வந்தது.

அன்று வகுப்பு முடியும்போது அவள் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தாள். “எந்தெந்த நாள்ல முறை நகராதுன்னு எல்லாத்தையும் நோட்டுல எழுதிட்டு வாங்கண்ணா. ஒண்ணு வுடாம. அதுதான் ரொம்ப முக்கியம்.”

அவன் எழுத உட்கார்ந்தது ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில். மாசித் திருவிழாவின் மூன்று நாள்களில் முறை நகராது. அதை முதலில் எழுதினான். புயலும் மழையும் வந்தால் முறை நகரும். அது அந்தந்த ஆளின் அதிர்ஷ்டக் குறை. அந்த நாள் போனது போனதுதான். அதையும் எழுதினான். மூன்றாவதாக, ‘ஊரில் சாவு விழுந்தால் அன்று யாரும் ஏரியில் கால் வைப்பதில்லை, அந்த நாள் கணக்கில் வராது, அன்றைய முறைக்காரனே மறுநாள் கட்டுவான்’ என்று எழுதி முடிப்பதற்குள் ஜமுனாவின் நிழல் நோட்டின் மேல் விழுந்தது.

“இன்னா எழுதற நீ?”

“டீச்சரம்மா கேட்டாங்க.”

“எங்கம்மா அங்க படுத்துனுகீது. கஞ்சி எறங்கி மூணு நாளாச்சி. நீ இங்க குந்திகினு சாவு விழுந்தா இன்னா பண்றதுன்னு எழுதறியா?”

ஜமுனாவின் தாய் லோகாம்பாள் ஆடி மாதத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு அசையாமல், பின்னர்க் காய்ச்சலும் கண்டு, உள்ளறையில் கிடந்தாள். மருத்துவர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. மணிகண்டன் ஒரு நொடி யோசித்தான். ஒரு விஷயத்தை எழுதிவைப்பதாலேயே அது நடந்துவிடாது என்பது அவனுக்குத் தெரியும். இருந்தாலும், அந்த வீட்டில், அந்தக் கட்டிலுக்குப் பத்தடி தொலைவில், அந்தச் சொல்லை ஒரு பொத்தானாகச் செய்துவைப்பது முறையாகப் படவில்லை. மூன்றாவது வரியைக் குறுக்கே அடித்தான்.

ஷாலினியின் கண் அந்த அடித்தலில் நின்றது. “இது இன்னாண்ணா, அடிச்சிருக்கீங்க?”

“ஒண்ணுமில்ல டீச்சரம்மா. தப்பா எழுதிட்டேன்.”

அடுத்த வாரத்திலேயே லோகாம்பாள் கஞ்சி குடித்தாள். புரட்டாசி நடுவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஐப்பசி பிறந்தபோது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நண்டை உடைத்துக்கொண்டே தெருவில் போவோர் வருவோரை எல்லாம் விசாரிக்கத் தொடங்கிவிட்டாள். அந்த வரியை அடித்ததால்தான் அம்மா எழுந்தாள் என்று ஜமுனா உறுதியாக நம்பினாள். அவளிடம் அதை மறுபடி எழுதப் போவதாகச் சொல்ல மணிகண்டனுக்கு வாய் வரவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான்.

ஐப்பசி முதல் நாள் செயலி ஊருக்கு வந்தது. தொலைபேசி உள்ள பதினெட்டுப் பேருக்கு அதை ஏற்றிக்கொடுத்தான். தொலைபேசி பார்க்காதவர்களுக்காக மீனவர் சங்க அறையில் இருந்த பழைய மேசைக் கணினியில் அதே கணக்கைப் பெரிய எழுத்தில் காட்டும்படி இன்னொன்றைச் செய்துவைத்தான். அதற்கு ஷாலினி இரண்டு சனிக்கிழமை கூடுதலாக உட்கார வேண்டியிருந்தது. திரையில் ‘இன்று’ என்று ஒரு பெயரும், ‘நாளை’ என்று ஒரு பெயரும். பொழுது மாறினால் பெயர் தானாக மாறும். யாரும் தொட வேண்டியதில்லை.

இந்த ‘யாரும் தொட வேண்டியதில்லை’ என்பதுதான் மணிகண்டனுக்கு மிகுந்த பெருமையாக இருந்தது. முதல் சுற்று முடிந்து இரண்டாம் சுற்றும் தொடங்கிற்று. ஒரு சண்டையும் இல்லை. சங்க அறையில் கணினியைப் பார்த்துவிட்டு வந்த தேவேந்திரன், “நல்லாதாண்ணே கீது,” என்றான். பிறகு சாதாரணமாக ஒரு கேள்வியைப் போட்டான். “அதுவே எல்லாத்தையும் பாத்துக்குதுன்னா, உனுக்கு இனிமே இன்னா வேலை?”

தேவேந்திரனுக்கு முப்பது வயது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை பார்ப்பவன். தன் பாடு வரும் நாளில் மட்டும் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்து வலை கட்டிவிட்டுப் போவான். கேலிக்காகத்தான் கேட்டான். ஆனால், மணிகண்டன் அதையே நினைத்துக்கொண்டு நடந்தான். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தான். ஊருக்குத் தவறாமல் ஒரு வேலை செய்பவனுக்குத்தான் பட்டியலில் இடம். அவன் செய்து முடித்துவிட்ட வேலையோ, இனி அவனைக் கேட்காமலே நடந்துகொண்டிருந்தது.

கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்து, மூன்றாம் நாள் விட்டது. ஆற்று நீர் ஏரிக்குள் இறங்கியதும் இறால் முகத்துவாரத்தை நோக்கி நகரும். ஆண்டில் இப்படிப்பட்ட நாள்கள் நான்கைந்துதான் வாய்க்கும். அன்று பாடு அர்ஜுனனுடையது. அறுபதை நெருங்கிய அவர் தொலைபேசியே வைத்திருக்கவில்லை. விடியற்காலையில் வலையைப் படகில் ஏற்றி, தள்ளுவதற்குக் கை வைத்த நேரத்தில், வடிவேலு இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தது. நோய் எதுவும் இல்லை. எழுந்து பல் தேய்க்கப் போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம்.

அர்ஜுனன் வலையை இறக்கினார், படகை மேட்டுக்கு ஏற்றினார், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு சாவு வீட்டுக்கு நடந்தார். அன்று ஏரியில் ஒரு படகும் இல்லை. மணிகண்டன் தன் தொலைபேசியை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனான். பந்தல் போட்டான், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தான், இடது தோளில் பாடையைச் சுமந்தான். மாலையில் சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டுப் படுத்தவன், மறுநாள் காலையில் முகத்துவாரப் பக்கமிருந்து கேட்ட குரல்களால்தான் எழுந்தான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது வலை கட்டும் இடத்தில் பாதிக் கழிகள் ஊன்றப்பட்டிருந்தன. ஊன்றியவன் தேவேந்திரன். அவனுடைய படகுக்குக் குறுக்கே தன் படகை நிறுத்தி, தள்ளுகழியைத் தண்ணீரில் குத்திப் பிடித்தபடி அர்ஜுனன் நின்றிருந்தார்.

“இன்னா தேவேந்திரா,” என்றார் அவர். குரல் உயரவில்லை. “நேத்து ஊரே சுடுகாட்டுல நின்னுச்சி. உன் போனு மட்டும் தொழிலுக்குப் போயிட்டு வந்துச்சா?”

“எனுக்கு இன்னா மாமா தெரியும்? நேத்து ஷிப்ட்ல இருந்தேன். பெரியவரு செத்தது தெரியும். காலைல போன பாத்தேன், இன்னைக்கி நான்னு காட்டுச்சி. மணியண்ணன் நேத்து நாளக் கழிச்சிட்டுதான் போட்டிருப்பாருன்னு நெனச்சேன்.”

“நீ நெனப்ப. போன வச்சினு சுத்தறவன் எல்லாம் நெனப்பான். உனுக்கு முன்னாடி நான்தானே? நான் கட்டினேனான்னு ஒரு வார்த்த கேட்டியா?”

“அதுக்குதானே போனு வந்துச்சி?”

அர்ஜுனன் தன் படகை விலக்கவில்லை. இருவரும் நெடுநேரம் அப்படியே நின்றார்கள். பின்னர்த் தேவேந்திரன் கழிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். அதற்குள் நீர் வற்றி முடிந்து, மறுபடி ஏறத் தொடங்கியிருந்தது. மழைக்குப் பிந்தைய அந்த நல்ல நீரோட்டத்தை இழந்து இருவரும் வெறுங்கையோடு கரைக்கு வந்தார்கள்.

மணிகண்டன் கரையில் நின்று தொலைபேசியைத் திறந்தான். ‘இன்று: தேவேந்திரன்’ என்று தெளிவாக, பெரிய எழுத்தில், தமிழில் இருந்தது. அருகில் வந்த தருமலிங்கம் அதை எட்டிப் பார்த்தார்.

“ஞாயித்துக்கெழமை கூட்டம். தை வரைக்கும் காத்துனு இருக்க முடியாது. அதுவரைக்கும் யாரும் போன பாக்க வேணாம், என்கிட்ட வந்து கேளுங்க,” என்று எல்லாருக்குமாகச் சொல்லிவிட்டு, “நாளைக்கி அர்ஜுனன்,” என்று முடித்தார்.

இடையில் ஒரு சனிக்கிழமை இருந்தது. மணிகண்டன் பொன்னேரிக்குப் போய், மற்றவர்கள் வருவதற்கு முன்பே ஷாலினியின் முன் உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, குறுக்கே அடித்திருந்த மூன்றாவது வரியைக் காட்டினான். அவள் அதைப் படித்தாள், நிமிர்ந்து பார்த்தாள்.

“அன்னைக்கே கேட்டேனேண்ணா. தப்பா எழுதிட்டேன்னு சொன்னீங்க.”

“பொய் சொன்னேன் டீச்சரம்மா.”

ஷாலினி கோபித்துக்கொள்ளவில்லை, நோட்டைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். “திருவிழாவுக்குத் தேதி இருக்கு, முன்னாடியே போட்டு வெச்சிட்டோம். இதுக்குத் தேதி கெடையாது. போனுக்குத் தேதி மட்டும்தாண்ணா தெரியும். ஊர்ல நடக்கறது தெரியாது. யாராவது சொன்னாதான் உண்டு.”

“ஒரு பட்டன் வெச்சா?”

“வெக்கலாம். யாரு அழுத்துவாங்க? பதினெட்டு போன்லயும் பட்டன் இருந்தா பதினெட்டுப் பேரும் அழுத்துவாங்க. ஒருத்தர் அழுத்தறது இன்னொருத்தர் போன்ல தெரியவும் தெரியாது. இப்ப ஒவ்வொரு போனும் தனித்தனியா எண்ணிட்டு இருக்கு.”

மணிகண்டன் யோசித்தான். தோள் வலித்தால் செய்வதுபோல இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். “எண்றத ஒரே எடத்துல வெச்சிட்டா? எல்லா போனும் அந்த எடத்தப் பாத்துட்டு வந்து சொல்லட்டும்.”

“செய்யலாம். இணையத்துல ஒரு தாள் மாதிரி வெச்சிக்கலாம். ஆனா அது தானா நகரணுமா, யாராவது நகத்தணுமா?”

“தானா நகர வேணாம்,” என்றான் அவன். சொன்ன பிறகுதான் தான் எதைச் சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. மறுபடியும் சொன்னான், இம்முறை மெதுவாக. “தானா நகரவே கூடாது டீச்சரம்மா. சாயங்காலம் ஆளுங்கள கேட்டு, நான் நகத்தினாதான் நகரணும்.”

முதலில் தேதியைக் கணக்கிடும் கட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்தார்கள். ஐந்து வாரம் கற்றுச் செய்தது அரைமணி நேரத்தில் போயிற்று. அதற்குப் பதிலாக ஒரே ஓர் எண்; அதை மாற்றும் உரிமை ஒரே ஒரு தொலைபேசிக்கு. மற்றவை அந்த எண்ணைப் படித்துப் பெயரைக் காட்டும். கணக்கு முன்னைக் காட்டிலும் எளிதாகிவிட்டதைக் கண்டு மணிகண்டன் வியந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை வலைக்கூடத்தில் கூட்டம் கூடிற்று. ஆண்கள் உள்ளே, பெண்கள் வெளியே, தகரக் கூரையின் நிழலில். லோகாம்பாளுக்காக ஜமுனா நாற்காலியையும் தூக்கி வந்திருந்தாள்.

தேவேந்திரன் முதலில் பேசினான். “எனுக்கு அண்ணன் மேல கோவம் ஒண்ணும் இல்ல. ஆனா கேக்கறேன். போனே பாத்துக்குதுன்னா ஒரு ஆளுக்கு எதுக்குப் பங்கு? போனு பாத்துக்கலன்னா அப்பவும் எதுக்குப் பங்கு?”

சிலர் தலையசைத்தார்கள். தருமலிங்கம் மணிகண்டனைப் பார்த்தார். “சாவு நாளு கணக்குல வராதுன்னு உனுக்குத் தெரியாதா?”

தெரியாமல் விட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். செயலியைப் பார்த்த பதினெட்டுப் பேரில் ஒருவரும் அதைக் கேட்கவில்லையே என்றும் சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. நல்ல நாளில் தொடங்கிய காரியத்தில் அந்தச் சொல்லை எடுக்க யாருக்குமே மனம் வரவில்லை.

“தெரியும் தலைவரே,” என்றான் மணிகண்டன். “நோட்டுல எழுதினேன். எழுதிட்டு அடிச்சேன். அப்ப எங்க அத்த படுத்த படுக்கையா இருந்தாங்க. அவங்க அங்க படுத்துனு இருக்கும்போது அதுக்கு ஒரு பட்டன் செஞ்சி வெக்க மனசு வரல. அப்புறம் எழுந்து நடந்தாங்க. அப்பவாவது போட்டிருக்கணும். போடல. என் தப்புதான். அர்ஜுனன் மாமாவுக்குப் போன தண்ணி என்னாலதான் போச்சி.”

ஜமுனா தலையைக் குனிந்துகொண்டாள். வெளியிலிருந்து லோகாம்பாளின் குரல்தான் முதலில் வந்தது.

“ஏம்பா மாப்ள, நான் சாவறதுக்கு உன் போன கேட்டுனு இருக்கணுமா?”

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாருமே சிரித்தார்கள்; அர்ஜுனன்கூட வாயைத் துடைத்துக்கொள்வதுபோல் கையை உயர்த்தினார்.

“சிரிக்காதீங்க,” என்றாள் லோகாம்பாள். “எனுக்கு எழுபத்தஞ்சி வயசு. நான் போற அன்னைக்கி எவன் முறையோ அவன் என்னால ஒரு நாள் தோத்தான்னு இருக்கக் கூடாது. எழுதச் சொல்லுங்க அத. அடியே ஜமுனா, நீதானே அடிக்கச் சொன்ன? உன் மூஞ்சப் பாத்தாலே தெரியுது.”

தருமலிங்கம் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். “சரி. இப்ப இன்னா பண்ணப் போற?” என்று மணிகண்டனைக் கேட்டார்.

புதிதாகச் செய்ததை அவன் விளக்கினான். பொத்தானை எப்படி அழுத்துவது என்பதைவிட, அழுத்துவதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்பதையே அதிகம் சொன்னான். தினம் சாயங்காலம் படகுகள் கரையேறும் நேரத்துக்குத் துறைக்குப் போவான். அன்றைய முறைக்காரனை நேரில் பார்த்து, கட்டினாயா என்று கேட்பான். கட்டியிருந்தாலும், காற்றால் கட்ட முடியாமல் போயிருந்தாலும் நகர்த்துவான். சாவு விழுந்த நாளில் நகர்த்தமாட்டான். அவன் நகர்த்தாதவரை எந்தத் தொலைபேசியிலும் பெயர் மாறாது.

“ஒரு நாள் நீ வரலன்னா?” என்றான் தேவேந்திரன்.

“நான் வரலன்னா மாறாது. இருந்த பேரே இருக்கும். நீங்க வந்து என்னை எழுப்பணும்.”

“அப்ப போனுல இன்னா பெருசா கீது? நீதானே எல்லாம் பண்ற?”

“ஆமா,” என்றான் மணிகண்டன்.

அர்ஜுனன் தொண்டையைச் செருமினார். “எனுக்கு ஒண்ணு சொல்லு மணி. நான் போன் வெச்சிக்கல. சங்கத்து டிவிய எனுக்குப் படிக்கவும் வராது. நாளைக்கி யாருன்னு எனுக்குத் தெரியணும்னா, உன்ன வந்து கேட்டா சொல்லுவியா?”

“நீ வர வேணாம் மாமா. துறையில உன் படகாண்ட நானே வந்து சொல்றேன்.”

“அது போதும் எனுக்கு,” என்று சொல்லிவிட்டு, அர்ஜுனன் தருமலிங்கத்தைப் பார்த்துத் திரும்பினார். “பேரு இருக்கட்டும் தலைவரே. கேக்கறதுக்கு ஒரு ஆள் வேணும் இல்ல?”

தருமலிங்கம் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பெரியவர்கள் நால்வரோடு ஒதுங்கிப் பேசிவிட்டு வந்து, நின்றபடி தீர்ப்பைச் சொன்னார். மணிகண்டனின் அடுத்த முறை நாளில் அர்ஜுனன் வலை கட்டிக்கொள்வார். இழந்த நீருக்கு அது ஈடு. வேலை இனி மணிகண்டனுடையது. பெயர் பட்டியலில் இருக்கும். ஆனால், சொல்லாமல் ஒரே ஒரு மாலை துறைக்கு வராமல் இருந்தாலும் பெயர் நீங்கும். அதற்குக் கூட்டம் கூட்டமாட்டார்கள்.

“கேட்டுச்சா?”

“கேட்டுச்சி தலைவரே.”

“அப்ப ஏன் இன்னும் இங்கியே குந்தினு கீற? படகெல்லாம் வந்துனு கீது பாரு.”

மணிகண்டன் எழுந்து துறைக்குப் போனான். அன்றைய முறைக்காரன் வலையை உதறிக்கொண்டிருந்தான். கட்டினாயா என்று கேட்டான். கட்டினேன் என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு, தொலைபேசியில் எண்ணை ஒன்று கூட்டினான். சங்க அறைக்குப் போய்த் திரையில் பெயர் மாறியிருப்பதை உறுதி செய்தான். பிறகு, கூட்டம் கலைந்து அர்ஜுனன் தன் படகருகே வரும்வரை கரையில் உட்கார்ந்திருந்து, நாளைய பெயரைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில், படங்களைச் சேமித்துவைக்கும் செயலி ஒன்றை எல்லாரும் செய்யத் தொடங்கியிருந்தார்கள். நீளமான பாடம். சுவர்க் கடிகாரத்தில் இரண்டே முக்கால் ஆனபோது, மணிகண்டன் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

“இன்னாண்ணா, அதுக்குள்ள? அஞ்சு மணி வரைக்கும் இருக்கே.”

“இனிமே மூணு மணி பஸ்ஸுக்கு வுட்டுடுங்க டீச்சரம்மா,” என்றான் அவன், பையைத் தோளில் மாட்டியபடி. “ஊருக்குப் போயி ஒரு நாள நகத்தணும்.”